பகிடிக்குப் பேசிய பேச்சு

பிறர் பேசும் விதத்தைத் தாமும் பேசிக் காட்டிச் சிரிப்பது மனிதரின் மிகப் பழைய விளையாட்டுகளில் ஒன்று. அயலூரார் ஒரு சொல்லை நீட்டுவதையும் ஒரு சொல்லை விழுங்குவதையும் சிறுவர்கூட எளிதிற் பிடித்துக்கொள்வர். பிரித்தானியாவில் இவ்விளையாட்டு ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. லிவர்பூல் நகரத்தாரைப் போலவும், கிளாஸ்கோ நகரத்தாரைப் போலவும், கிழக்கிலண்டன் வாசிகளைப் போலவும், யோர்க்ஷயர் மாகாணத்தாரைப் போலவும் பேசப் பழகிக்கொள்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அங்குப் பலர். விருந்துகளிற் பேசிக் காட்டுவர். மேடைகளிற் பேசிக் காட்டுவர். அதனைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டோரும் உளர்.

இதில் வரலாற்றுக்கு என்ன இடம் என வாசகர் கேட்கலாம். ஒரு நாட்டில் யார் யாருடைய பேச்சைப் பகிடிக்குப் பேசுகிறார், யார் யாருடைய பேச்சை வயிற்றுப்பாட்டிற்காகப் பேசப் பழகுகிறார் என்று கேட்டுப் பார்த்தால், அந்நாட்டின் வர்க்க அமைப்பிற் பெரும்பகுதி தெரிந்துவிடும். இலண்டன் அலுவலகத்து எழுதுவினைஞன் யோர்க்ஷயர் பேச்சைப் பேசிப் பழகுவது மாலைநேர வேடிக்கை. யோர்க்ஷயர் நெசவாலைத் தொழிலாளியின் மகள் இலண்டன் கனவான்களின் பேச்சைப் பேசிப் பழகுவது உத்தியோகத்திற்கான தகுதி. இரண்டும் போலச் செய்தலே. ஆயின் முன்னதிற் பிழைத்தால் இன்னும் கொஞ்சம் சிரிப்பு. பின்னதிற் பிழைத்தால் வேலை இல்லை.

எத்தனையோ வட்டாரங்கள் இருக்க, யோர்க்ஷயரை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் துடுப்பாட்ட வருணனை கேட்டுப் பழகிய நம்மவர் பலருக்கு அப்பேச்சு அறிமுகமானது. பிரெட் ட்ரூமன், ஜெப்ரி பொய்கொட் ஆகிய இருவரும் முதலில் ஆட்டக்காரராகவும் பின்னர் வருணனையாளராகவும் புகழ்பெற்றனர். இருவரும் யோர்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள். பொய்கொட்டின் குரலைப் பேசிக் காட்டாத துடுப்பாட்ட இரசிகர் அரியர் என்று சொல்லுமளவிற்கு அக்குரல் ஆசிய நாடுகளிலும் பரவியது. இலங்கையின் மிஷன் பாடசாலைகளில் ‘சரியான உச்சரிப்பு’ என்று நமது மூத்த தலைமுறைக்குப் போதிக்கப்பட்ட ஆங்கிலம் இதுவன்று. இங்கிலாந்தின் பெரும்பாலான மக்கள் பேசாத ஓர் ஆங்கிலத்தையே இங்கிலாந்தின் ஆங்கிலம் என்று நமக்குத் தந்தனர் என்பதைப் பலர் அவ்வருணனைகளைக் கேட்ட பின்னரே உணர்ந்தனர்.

இனி அப்பேச்சின் இயல்பைச் சிறிது பார்ப்போம். இதனை விளக்காமல் அதன் போலிகளைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை.

யோர்க்ஷயர் பேச்சைப் பழக விரும்புவோர் முதலிற் பிடித்துக்கொள்வது ஆங்கிலத்தின் ‘த’ என்னும் சுட்டுச்சொல்லை. அச்சொல் அங்கே முழுதாக ஒலிப்பதில்லை. அச்சில் அதனைக் காட்ட ஓர் ஒற்றை ‘ட்’ எழுத்தையும் பக்கத்தில் ஒரு மேற்குறியையும் இடுவர். அச்சைப் பார்த்துப் பழகியவன் அவ்விடத்தில் நன்கு கேட்கும்படி ‘ட்’ என்று நாவால் தட்டுவான். தட்டிய அக்கணமே அவன் வெளியூரான் என்பது வெளிப்பட்டுவிடும். உண்மையில் அங்குப் பெரும்பாலும் நாவிற்கு வேலையே இல்லை. குரல்வளையில் மூச்சு ஒரு கணம் அடைபட்டு விடுபடுகிறது, அவ்வளவே. ஒலி என்பதைவிட ஒலிக்கு நடுவில் விழும் ஓர் இடைவெளி என்பதே பொருந்தும். இரண்டு நூற்றாண்டுகளாக நகைச்சுவை நடிகர் பலர் இடறி விழுந்த படி இதுவே.

அடுத்தது உயிரொலிகள். தென்னிங்கிலாந்தார் ‘கப்’ எனச் சொல்லும் கிண்ணத்தை யோர்க்ஷயரார், ‘புட்’ என்னும் சொல்லில் வரும் அதே உகரத்தோடு ‘குப்’ என்பர். குளியலைத் தெற்கில் ‘பாத்’ என நீட்டுவர். வடக்கிற் ‘பத்’ எனக் குறுக்குவர். இவற்றைக் கேட்ட தென்னாட்டார், செம்மையான மொழியை வடநாட்டார் சிதைத்துவிட்டனர் என்று எண்ணினர். மொழி வரலாறோ இதற்கு மாறானது. பழைய உகரத்தை வடக்கு வைத்துக்கொண்டது. தெற்குத்தான் பதினேழாம் நூற்றாண்டளவில் அதனை மாற்றியது. ‘பாத்’ என்னும் நெடிலும் அவ்வாறே பின்னர் வந்தது. 1791ஆம் ஆண்டில் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜோன் வோக்கர், இத்தகைய சொற்களில் அகரத்தை நீட்டுவது இழிவழக்கை ஒட்டியது என்றே கருதினார். அவர் இழித்த நெடிலே பின்னர்க் கனவான்களின் அடையாளமாயிற்று. ஓர் ஒலியின் உயர்வும் தாழ்வும் ஒலியிலே இல்லை. யார் வாயில் அது இருக்கிறது என்பதிலேயே இருக்கிறது.

மூன்றாவது, முன்னிலைப் பெயர். பொது ஆங்கிலம் ‘நீ’ என்பதற்குரிய பழஞ்சொல்லைக் கைவிட்டு எல்லாரையும் ஒரே சொல்லால் விளிக்கத் தொடங்கிப் பல காலமாயிற்று. யோர்க்ஷயரின் ஆலை ஊர்களிலும் சுரங்க ஊர்களிலும் ‘தா’ என்றும் ‘தீ’ என்றும் அப்பழஞ்சொல் இருபதாம் நூற்றாண்டிலும் உயிர்வாழ்ந்தது. நீ, நீர், நீங்கள் எனப் படிவைத்துப் பேசும் நமக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். தோழனைத் ‘தா’ எனலாம். தம்பியைத் ‘தா’ எனலாம். பெரியவரை அவ்வாறு விளித்த பிள்ளைக்கு வீட்டில் நல்ல பூசை கிடைக்கும். பகிடிக்குப் பேசுவோர் இவ்வரம்பை அறியாது கண்டவரையெல்லாம் ‘தா’ என்பர். ஒலியைப் பிடித்தவர், ஒலிக்குப் பின்னாலிருந்த மரியாதையைப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் யோர்க்ஷயர் பேச்சு என ஒன்று இல்லை. ஹல் துறைமுகத்தார் ‘போன்’ என்னும் சொல்லைப் ‘பேர்ன்’ எனக் கேட்கும்படி ஒலிப்பர். பார்ன்ஸ்லி ஊரார், அயல் நகரான ஷெபீல்டின் மக்களைத் ‘டீ-டா’க்கள் எனக் கேலி செய்வர், ‘தீ’ என்பதையும் ‘தா’ என்பதையும் அந்நகரத்தார் டகரத்தோடு ஒலிப்பதே காரணம். இக்கேலியில் வன்மமில்லை. சுரங்கத்தான் உருக்காலைத் தொழிலாளியைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனும் திருப்பிச் சிரிக்கிறான். இருவருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றே.

மேலிருந்து கீழ்நோக்கிய சிரிப்பு எப்போது தொடங்கியது என்பதே நம் கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகமும் ஆலையும் பெருகி, ஊர்விட்டு ஊர்வந்து செல்வம் சேர்த்த புதிய வகுப்பொன்று தோன்றியபோது, ‘நல்ல பேச்சு’ ஒரு விற்பனைப் பொருளாயிற்று. அயர்லாந்திற் பிறந்த நடிகரான தோமஸ் ஷெரிடன் 1761இல் எடின்பரோ நகரிலே ஸ்கொத்லாந்துக் கனவான்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்பித்தார். நாம் முன்னர்க் கூறிய வோக்கர் தமது அகராதியில் ஸ்கொத்லாந்தார்க்கும் அயர்லாந்தார்க்கும் இலண்டன் சாமானியர்க்கும் தனித்தனியே திருத்த விதிகள் வகுத்தார். திருத்த வேண்டிய பேச்சு ஒருபுறம் உருவாகவே, சிரிக்க வேண்டிய பேச்சும் மறுபுறம் உருவாயிற்று. இரண்டும் ஒரே நாணயத்தின் இருபக்கங்கள்.

இலண்டன் நாடகமேடையிலே ‘யோர்க்ஷயர்க்காரன்’ ஒரு நிலையான பாத்திரமானான். வெள்ளந்தியாகத் தோன்றுவான், பணத்தில் மட்டும் கண்ணாயிருப்பான், வாய் திறந்தாற் கொட்டகை சிரிக்கும். இவ்வேடத்திற் பெரும்புகழ் பெற்றவர் ஜோன் எமெரி. 1805இல் தோமஸ் மோர்ட்டனின் நாடகமொன்றில் ‘டைக்’ என்னும் யோர்க்ஷயர் நாட்டுப்புறத்தானாக அவர் நடித்ததைப் பலரும் நெடுங்காலம் நினைவிற் கொண்டிருந்தனர். எமெரி பிறந்தது சண்டர்லாந்தில். அவ்வூர் யோர்க்ஷயரில் இல்லை. இலண்டன் கொட்டகைக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டாகவில்லை.

நாவல்களிலும் இப்பேச்சு நுழைந்தது. யோர்க்ஷயரின் மலிவு விடுதிப் பாடசாலைகளின் கொடுமையை நேரிற் காண 1838இல் அங்குச் சென்ற டிக்கன்ஸ், ‘நிக்கலஸ் நிக்கிள்பி’யில் ஜோன் பிரவுடி என்னும் தானிய வியாபாரியை அவ்வூர்ப் பேச்சிலேயே பேசவிட்டார். எமிலி புரொன்டியோ வெளியிலிருந்து வந்தவரல்லர். யோர்க்ஷயர் மேட்டுநிலத்திலே வாழ்ந்தவர். 1847இல் வெளிவந்த ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலில் ஜோசப் என்னும் கிழவேலைக்காரனின் பேச்சை அவர் சற்றும் நெகிழ்த்தாமல் எழுதினார். அதில் வேடிக்கை இல்லை. பல இடங்களில் அச்சந்தான் இருக்கிறது. எமிலி இறந்தபின், 1850ஆம் ஆண்டுப் பதிப்பைக் கவனித்த தமக்கை சார்லட், தென்னாட்டு வாசகர்க்கு விளங்காது என அஞ்சி ஜோசப்பின் பேச்சை இளக்கினார். டிக்கன்ஸின் யோர்க்ஷயர்க்காரனை அவ்வாறு இளக்க வேண்டிய தேவை எவர்க்கும் ஏற்படவில்லை. போலி எங்கும் செல்லும். அசலுக்குத்தான் வழியில் தடை. இதனை நாம் பின்னரும் காண்போம்.

உழைக்கும் மக்கள் தம் பேச்சைப் பற்றி என்ன எண்ணினர்? அவர்களும் அதில் வேடிக்கை கண்டனர். ஆனால் அது வேறு வேடிக்கை. கம்பளி நெசவு நகரான ஹலிபாக்ஸில் 1860களிலே தொடங்கிய ‘குளொக் அல்மனாக்’ என்னும் ஆண்டு மலர், யோர்க்ஷயர் பேச்சிலேயே கதையும் நையாண்டியும் பாட்டும் வெளியிட்டது. ஜோன் ஹார்ட்லி அதனைப் பல்லாண்டுகள் நடத்தினார். அதனை வாங்கிப் படித்தோர் பெரும்பாலும் அப்பேச்சைப் பேசியோரே. 1890-91இல் பிரட்போர்ட் நகரத்து மன்னிங்ஹாம் ஆலைத் தொழிலாளர் கூலிக்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததும், அத்தோல்வியின் படிப்பினையிலிருந்து 1893இல் அதே நகரிற் சுயேச்சைத் தொழிற்கட்சி பிறந்ததும் நம் வாசகர் அறிந்தவை. அவ்வேலைநிறுத்தம் நடந்த தெருக்களின் பேச்சும் இதுவே. அல்மனாக்கின் பகிடியையும் வேலைநிறுத்தத்தின் கோபத்தையும் ஒரே நாவு பேசிற்று.

அந்நாவிலிருந்து எழுந்தவரே ஜோசப் ரைட். பிரட்போர்டுக்கு அருகே 1855இற் பிறந்த இவர், ஆறு வயதிற் கல்லுடைக்கும் இடத்திலே கழுதைவண்டி ஓட்டினார். பின்னர்ச் சோல்ட்டேரில் டைட்டஸ் சோல்ட்டின் பெரும் ஆலையில் நூற்கண்டு மாற்றும் பையனாகச் சேர்ந்தார். பதினைந்து வயதுவரை அவருக்கு எழுத்து வாசிப்பு இல்லை. 1870இல் பிரான்சிற்கும் பிரஷ்யாவிற்கும் போர் மூண்டபோது, மற்றவர் பத்திரிகையை வாசித்துச் செய்தி சொல்லத் தாம் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்ததே அவரைப் படிக்கத் தூண்டிற்று. தாம் கற்றவுடன் தாயின் சிறு வீட்டிலே இராப்பாடசாலை வைத்து, கூட வேலை செய்த பையன்களுக்கு வாரம் இரண்டு பென்ஸ் வாங்கிக்கொண்டு கற்பித்தார். 1876இல் சேமித்த பணத்தோடு கடல் கடந்து, செலவைக் குறைப்பதற்காக அன்ட்வேர்ப்பிலிருந்து ஹைடல்பேர்க் வரை கால்நடையாகச் சென்றார். அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அவரை ஒக்ஸ்போர்டில் விரிவுரையாற்ற அழைத்தவர் வேத ஆராய்ச்சியால் நம்மவர் நன்கறிந்த மாக்ஸ்முல்லர். 1901இல் அப்பல்கலைக்கழகத்தின் ஒப்பியல் மொழிநூற் பேராசிரியரானார்.

இவ்வாறு உயர்ந்தோர் பெரும்பாலும் முதலிற் செய்வது, பிறந்த பேச்சை மறப்பது. ரைட் தமது பிறந்த ஊர்ப் பேச்சிற்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1892இல் வெளிவந்த அந்நூல், கல்லுடைப்போரும் நூற்போரும் பேசியதை, கிரேக்கத்தையும் வடமொழியையும் ஆராயும் அதே முறையில் ஆராய்ந்தது. அடுத்து 1898 முதல் 1905 வரை ஆறு பெருந்தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். வெளியிட முன்வருவோர் இல்லாமையாற் சந்தாதாரரைத் தாமே திரட்டினார். அவ்வகராதிப் பணியின் தூண்டுதலால் 1897இல் அமைந்த யோர்க்ஷயர் வட்டாரமொழிக் கழகம் அந்நாட்டில் இவ்வகைக் கழகங்களில் மிகப் பழையது. கொச்சை என்றும் இழிவழக்கு என்றும் தள்ளப்பட்டதற்குள் ஒழுங்கான விதிகள் இருக்கின்றன என்பதை ரைட் நாட்டினார். 1960களின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பண்டிதர்க்கும் எழுத்தாளர்க்கும் நடந்த மரபுப் போராட்டத்தை நினைவிற்கொண்டோர்க்கு இதன் பெறுமதி விளங்கும்.

ஆயினும் ஒக்ஸ்போர்டில் அகராதி வந்துவிட்டது என்பதற்காகப் பாடசாலை மாறிவிடவில்லை. 1917இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட டானியல் ஜோன்ஸ், தாம் காட்டுவது தென்னிங்கிலாந்தில் பெரும் விடுதிப் பாடசாலைகளிற் பயின்ற ஆடவரின் குடும்பங்களில் வழங்கும் உச்சரிப்பு என நேர்மையாகவே எழுதினார். அவ்வாறு எல்லைகட்டிச் சொன்ன ஒன்றையே பின்வந்தோர் எல்லையற்ற அளவுகோலாக்கினர். கடல்கடந்து நம் நாட்டிற்கும் அனுப்பினர். 1921இல் சேர் ஹென்றி நியூபோல்ட் தலைமையில் ஆங்கிலக் கல்வி பற்றி அறிக்கை தந்த அரசாங்கக் குழு, வட்டாரப் பேச்சுடைய பிள்ளைகட்குப் பொது ஆங்கிலம் பேசக் கற்பிப்பது ஆரம்பப் பாடசாலையின் கடமை எனத் திட்டமாகக் கூறிற்று. வீட்டிலும் தெருவிலும் ஒட்டிக்கொண்ட தீய பேச்சுப் பழக்கங்களை எதிர்த்து ஆசிரியர் போராடுவதாகவும் வருந்திற்று. ஆசிரியராகிய நம் வாசகர் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. பொதுமொழியைக் கற்பிப்பது வேறு. தாயிடம் கற்றதைத் தீயபழக்கம் என்பது வேறு. முன்னதைச் செய்வதற்குப் பின்னது தேவையில்லை.

இந்நிலையிற்றான் 1941இல் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. போர்க்காலம். பி.பி.சி.யின் குரல்களை எதிரி போலியாகப் பேசிப் பொய்ச்செய்தி பரப்பக்கூடும் என்ற அச்சம் எழுந்தமையால், செய்தி வாசிப்போர் 1940 முதல் தம் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தனர். விடுதிப் பாடசாலை ஆங்கிலம் என்பது கற்றுக்கொள்ளக் கூடியது. ஜேர்மனியிலும் அதனைக் கற்றோர் இருந்தனர். வடநாட்டுப் பேச்சைப் போலி செய்வது எளிதன்று என்ற எண்ணமும், தொழிலாளரின் ஆதரவு போருக்கு வேண்டும் என்ற தேவையும் சேர்ந்து, ஹலிபாக்ஸிற் பிறந்த வில்பிரெட் பிக்கிள்ஸை இலண்டனுக்குக் கொண்டுவந்தன. தகவல் அமைச்சர் பிரெண்டன் பிரக்கன் இம்முயற்சிக்குப் பின்னின்றார் என்பர்.

பிக்கிள்ஸ் செய்தியை நன்றாகவே வாசித்தார். நள்ளிரவுச் செய்தியின் முடிவில் வடநாட்டாருக்கு மட்டும் அவர்கள் வழக்கில் ‘குட் நீட்’ என இரவு வணக்கம் கூறினார். நாடு அல்லோலகல்லோலப்பட்டது. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் வரைந்தன. அக்குரலிற் கேட்கும்போது செய்தியை நம்ப முடியவில்லை என நேயர்கள் எழுதினர். எழுதியோரில் வடநாட்டாரும் இருந்தனர் என்பதே மிகவும் கவனிக்கத்தக்கது. தம் வீட்டில் தாமே பேசும் பேச்சு உண்மையைச் சொல்லத் தகாதது என்று அவர்கள் நம்பும்படி பாடசாலையும் மேடையும் செய்துவிட்டிருந்தன. பிக்கிள்ஸ் அப்பதவியில் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் போருக்குப் பின், 1946 முதல் 1967 வரை, ஊரூராகச் சென்று சாதாரண மக்களோடு பேசிப் பரிசு வழங்கும் ‘ஹாவ் எ கோ’ என்னும் வானொலி நிகழ்ச்சியை அவர் நடத்தியபோது கோடிக்கணக்கானோர் விரும்பிக் கேட்டனர். குரல் அதுவே, ஆளும் அவரே. செய்தி சொன்னபோது தள்ளினர். வேடிக்கை பேசியபோது தலையிற் கொண்டனர். யோர்க்ஷயர் பேச்சிற்கு ஆங்கில வர்க்க சமுதாயம் ஒதுக்கியிருந்த இடம் எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நாம் அறியோம்.

ஹடர்ஸ்பீல்டிற் பிறந்து ஒக்ஸ்போர்டிற் படித்து 1964இற் பிரதமரான ஹரோல்ட் வில்சனின் நிலை இன்னும் சுவையானது. வேண்டிய இடத்தில் யோர்க்ஷயர் ஒலியைக் கூட்டியும் வேண்டாத இடத்திற் குறைத்தும் பேசுகிறார் எனப் பலர் அவரைக் குறைகூறினர். தம் சொந்தப் பேச்சையே போலி செய்தார் என்பது குற்றச்சாட்டு! மைக் யார்வுட் என்னும் நடிகர் வில்சனைப் போலப் பேசிக் காட்டியே தொலைக்காட்சியிற் பெரும்பொருள் ஈட்டினார். 1948இல், அமைச்சராயிருந்த வில்சன், தம்மோடு படித்த பிள்ளைகளிற் பாதிப்பேர் காலணியின்றி வந்தனர் என மேடையிற் பேசப் போய், அது நெடுநாள் நகைப்பிற்கு இடமாயிருந்தது.

வறுமையை நினைவுகூர்வதே நகைப்பாகிவிட்ட அச்சூழலில், 1967இல் தொலைக்காட்சியில் வந்தது நான்கு யோர்க்ஷயர்காரரைப் பற்றிய ஒரு சிறு நகைச்சுவைக் காட்சி. மதுக்கிண்ணமும் விருந்துடையுமாக அமர்ந்திருக்கும் நான்கு பணக்காரர், இளமையிற் பட்ட துன்பத்தை ஒருவரை ஒருவர் விஞ்சும்படி சொல்லிச் சொல்லி, முடிவில் நம்பவே முடியாத பொய்களுக்குப் போய்விடுவர். பின்னர் இதனை மேடையேற்றிய மொன்டி பைதன் குழுவினரால் இக்காட்சி உலகமெங்கும் சென்றது. உலகில் யோர்க்ஷயர் பேச்சைப் பகிடிக்குப் பேச விரும்புவோர் அனேகர் தொடங்குமிடம் இன்று இதுவே. இதனை எழுதி நடித்த நால்வருள் ஒருவரும் யோர்க்ஷயர்காரரல்லர். ஜோன் கிளீஸ் சமர்செட்டிலும், கிரஹம் சப்மன் லெஸ்டரிலும், டிம் புரூக்-டெய்லர் டார்பிஷயரிலும், மார்ட்டி பெல்ட்மன் இலண்டனிலும் பிறந்தோர். முதல் மூவரும் கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள். ஷெபீல்டிற் பிறந்த மைக்கேல் பேலின் பின்னாளில்தான் இதில் நடித்தார்.

இக்காட்சியைத் தொழிலாளர் மீதான வசை என்று தள்ளிவிடுவது அவசரமாகும். அடிபடுவோர் ஏழைகள் அல்லர். தம் பழைய வறுமையைப் பதக்கமாக அணிந்துகொண்டு இளையோரை ஏசும் புதுப்பணக்காரர். முதலாளித்துவம் ஓயாது சொல்லும் ‘உழைத்து உயர்ந்தேன்’ என்னும் கட்டுக்கதையை இதைவிடக் கூர்மையாகக் குத்திய நகைச்சுவை அதிகமில்லை. நாமும் சிரித்தோம். ஆயினும் அக்காட்சியைப் பேசிக் காட்டுவோர் காலப்போக்கில் முதலாளியை மறந்து ஒலியை மட்டும் வைத்துக்கொண்டனர். பசி, குளிர், நெரிசலான வீடு என்பனவற்றை அப்பேச்சில் எவர் கூறினும் உடனே சிரிப்பு வரும் என்னும் நிலை தோன்றிற்று. அவ்வூர்களில் அவை பொய்யாயிருக்கவில்லை.

இரண்டே ஆண்டு கழித்து, 1969இல், கென் லோச் இயக்கிய ‘கெஸ்’ திரைப்படம் வெளிவந்தது. பார்ன்ஸ்லி நகரத்துச் சிறுவன் ஒருவன் ஒரு சிறு பருந்தைப் பழக்குகிறான். பாடசாலையோ அவனைச் சுரங்கத்திற்கு வேண்டிய ஆளாக மட்டுமே காண்கிறது. பார்ன்ஸ்லி எழுத்தாளர் பரி ஹைன்ஸின் நாவலைத் தழுவிய இப்படத்தில், அவ்வூர்ச் சிறுவனான டேவிட் பிரட்லி அவ்வூர்ப் பேச்சையே பேசினான். அமெரிக்கத் திரையீட்டிற்காக அதன் உரையாடல்கள் சிலவற்றை எளிதில் விளங்கும்படி மீண்டும் ஒலிப்பதிவு செய்ய வேண்டியதாயிற்று. கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் பேசிய யோர்க்ஷயர் கடல் கடந்து நியூயோர்க் வரை தங்குதடையின்றிச் சென்றது. பார்ன்ஸ்லிச் சிறுவன் பேசிய யோர்க்ஷயருக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட்டான். எமிலி புரொன்டியின் ஜோசப்புக்கு நேர்ந்ததே இவனுக்கும் நேர்ந்தது.

பின்னர் வந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1984 மார்ச் முதல் ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்கடிக்கப்பட்டது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தென் யோர்க்ஷயரின் மன்வேர்ஸ் சுரங்கம் 1988இல் மூடப்பட்டு, அந்நிலத்திலே பின்னர்த் தொலைபேசிச் சேவை நிலையங்கள் எழுந்தன. யோர்க்ஷயர் குரல் நம்பத்தக்க குரல் என்பதை வங்கிகளும் விளம்பரக்காரரும் அதற்குள் கண்டுகொண்டிருந்தனர். 1941இற் செய்திக்கு நம்பத்தகாததாயிருந்த குரல், அதற்குரியோரின் தொழில்கள் அழிந்த பின்னர், கடனுக்கும் காப்புறுதிக்கும் நம்பத்தக்கதாயிற்று.

அதே பேச்சை இப்போது வேறொருவரும் பேசினர். 1950களிலும் 1960களிலும் பிரட்போர்ட் கம்பளி ஆலைகளின் இரவு வேலைக்கு வந்த பாகிஸ்தானிய, இந்தியத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்பேச்சிலேயே பிறந்து வளர்ந்தனர். கராச்சியிற் பிறந்து பார்ன்ஸ்லியில் வளர்ந்த துடுப்பாட்ட வீரர் அஸீம் ரபீக் 2021 நவம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் தமக்கு நேர்ந்த இனவெறிக் கொடுமைகளை எடுத்துக் கூறியபோது, அவையிற் கேட்டது யோர்க்ஷயர்ப் பேச்சே. ட்ரூமனையும் பொய்கொட்டையும் வளர்த்த அதே மாகாணக் கழகத்தைப் பற்றியே அவர் பேசினார்.

லீட்ஸ் நகரத்து ரொட்டிசுடுவோர் ஒருவரின் மகன் டோனி ஹரிசன், 1937இற் பிறந்தவர். புலமைப்பரிசில் பெற்றுப் பெரிய பாடசாலைக்குச் சென்ற அவர், வகுப்பிலே கீட்ஸின் கவிதையை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கியவுடனே ஆசிரியர் தடுத்தார்; அப்பேச்சிற்குக் கவிதை தகாது என்பது தீர்ப்பு. சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது குடிகார வாயிற்காவலன் வேடம். பின்னாளிற் பெருங்கவிஞரான ஹரிசன் இதனை ஒரு கவிதையாக்கினார். கீட்ஸே இலண்டன் சாமானியரின் பேச்சைப் பேசியவர் என்பதையும், வடநாட்டுக் கவிஞரான வேர்ட்ஸ்வேர்த்தின் எதுகைகள் சிலவற்றை வடநாட்டு ஒலியில் வாசித்தாலே அவை எதுகையாகும் என்பதையும் அதிலே எடுத்துக்காட்டினார்.

ஹரிசனின் நாடகங்களில் நடித்தவர்களுள் ஒருவர் பரி ரட்டர். ஹல் நகரத்து மீன்துறைப் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய பேச்சின் காரணமாகத் தேசிய மேடையில் அரச வேடம் என்றும் கிடைக்காது என அவருக்குச் சொல்லப்பட்டது. 1992இல் அவர் தாமே ஒரு நாடகக் குழுவை அமைத்தார். அதன் தலைமையிடம் ஹலிபாக்ஸில், 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்ட பெருங் கம்பள ஆலையின் கட்டடத்தில் அமைந்தது. முதல் நாடகமாக ‘மூன்றாம் ரிச்சர்ட்’டை ஹல் நகரத்துப் படகுக் கொட்டகை ஒன்றில் அரங்கேற்றினர். அம்மன்னன் யோர்க் குலத்தவன். இளமையில் யோர்க்ஷயரின் மிடில்ஹாம் கோட்டையில் வளர்ந்தவன். அக்கொட்டகையில் அரசனும், அவன் ஏவிய கொலைஞரும், அவன் ஏமாற்றிய குடிமக்களும் வடநாட்டுப் பேச்சிலேயே பேசினர்.